பேஸ்மெண்ட்டில் கிடக்கும் 14 சைக்கிள்களும் ஒரு பாஸ்டன் டாக்டரும்

லிஃப்ட் பக்கத்தில் நம் சங்கச் செயலாளர் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேஸ்மெண்ட்டில் தூணோரம் தூசி படிந்து நிற்கும் 14 சைக்கிள்களுக்கும் சொந்தக்காரர்கள் வந்து பெயர் கொடுக்க வேண்டும், கொடுக்காத வண்டிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த 14-ல் ஒன்று என்னுடையது. நோட்டீஸ் ஒட்டிய முதல் வாரம் நான் பெயர் கொடுக்கவில்லை. போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து, நடக்கலாம், சமதளத்தில் சைக்கிளும் ஓட்டலாம் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தார். பயம் எனக்குத்தான். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. நம் குடியிருப்பில் மட்டும் என்னைப்போல் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் என்று ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரைப் பெயர்களை ஒப்பிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். எழுந்து நடக்கிறவர்கள் குறைவு.

சென்ற ஆண்டு பிப்ரவரி கடைசியில் மகன் வீட்டுக்குப் பாஸ்டன் போயிருந்தேன். நமக்கு வசந்தம் என்பது பாடப்புத்தகச் சொல். தை முடிந்தால் வெயில், அவ்வளவுதான். அங்கே அப்படி இல்லை. மார்ச் கடைசி வரை சாலையோரம் பனி அழுக்காகக் குவிந்து கிடக்கிறது. பிறகு ஒரு நாள் கொஞ்சம் வெயில் அடிக்கிறது. நமக்கு ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத அந்தக் குளிரில் ஊர்ச் சனங்கள் மொத்தமும் அரைக்கால் சட்டையோடு வெளியே வந்துவிடுகிறார்கள். நாலு மாதம் வீட்டுக்குள் கிடந்த சைக்கிளைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, சார்லஸ் ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். கிழவர் கிழவிகள் மூச்சிரைக்க ஓடுகிறார்கள். ஆற்றங்கரையில் அந்தப் பாதைக்கு ஒரு பெயர் இருந்தது: டாக்டர் பால் டட்லி ஒயிட் சைக்கிள் பாதை. சைக்கிள் பாதைக்கு ஏன் ஒரு டாக்டர் பெயர் என்று மகனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பொழுது நிறைய இருந்தது, பக்கத்திலேயே பொது நூலகமும் இருந்தது. அங்கே படித்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதயம் பலவீனமானால் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது நம் பாட்டிமார்கள் மட்டும் சொன்னதல்ல. உலகம் முழுக்கப் பெரிய டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். ஓட்டமும் துடுப்புப் போடுவதும் ஆரோக்கியமானவன் இதயத்தையே கெடுத்துவிடும் என்று 19-ம் நூற்றாண்டு முழுக்க வாதம் நடந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே வசந்த காலத்தில் படகுப் போட்டி நடக்கும். அதில் துடுப்புப் போடும் பையன்கள் அற்பாயுளில் போய்விடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஜான் மார்கன் என்ற டாக்டர், 1829 முதல் 1869 வரை துடுப்புப் போட்ட 294 பேரின் கணக்கை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து 1873-ல் புத்தகமாகப் போட்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆயுள் அட்டவணை சொன்னதைவிட அவர்கள் இரண்டு வருடம் கூடுதலாகவே வாழ்ந்தார்கள் என்பது அதில் தெரிந்தது. லெட்ஜரைப் புரட்டி உண்மை கண்டுபிடித்தவர் என்பதால் எனக்கு இவர்மேல் தனிப் பிரியம். ஆனால் பயம் போகவில்லை. 1890-களில் சைக்கிள் மோகம் வந்தபோது சைக்கிளால் இதயம் கெடும், முகமே கோணிப்போகும் என்றெல்லாம் எழுதினார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் பாஸ்டனில் 1897-ல் மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. முந்தைய வருடம் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏற்பாடு செய்தது. ஓட வந்தவர்கள் 15 பேர். ஏப்ரல் 19, அந்த மாநிலத்துக்கு விடுமுறை நாள். ஓடுகிறவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பார்த்துக்கொள்ள, கூடவே சைக்கிளில் ஆட்கள் போனார்கள். தூரம் அப்போது 24.5 மைல், அதாவது 39 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அன்றிலிருந்து அந்த ஊரில் வசந்தம் என்றால் மாரத்தான் என்று ஆகிவிட்டது. பனிக்காலம் முழுக்கச் சிலர் அதற்காகவே ஓடிப் பழகுகிறார்கள். இப்போது ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை நடக்கிறது. நானும் சாலையோரம் நின்று பார்த்தேன். பல்லாயிரம் பேர் ஓடினார்கள். என் வயதுக்காரர்கள் போகும்போது ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டே இருந்தேன், நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

இனி கிளாரன்ஸ் டிமார் என்பவரைச் சொல்ல வேண்டும். பிறந்தது 1888. எட்டு வயதில் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் ஆறு குழந்தைகள். பாஸ்டன் துறைமுகத்துத் தீவு ஒன்றில் இருந்த பண்ணைப் பள்ளியில் தாயார் இவரைக் கொண்டுபோய் விட்டார். வளர்ந்து அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக வேலைக்குச் சேர்ந்தார். வேலைக்குப் போவதும் வருவதும் ஓட்டத்தில்தான், அதுதான் பயிற்சி. கோச் கிடையாது, சம்பளத்தோடு விடுப்பு கிடையாது.

1911-ல் பாஸ்டன் மாரத்தானுக்கு முன்னால் ஓட்டக்காரர்களை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். டிமாரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவருக்கு மர்மர் சத்தம் கேட்டது. களைப்பாக இருந்தால் பாதியில் நின்றுவிடு, இன்னும் ஓரிரு வருடத்தில் ஓட்டத்தையே விட்டுவிடு என்று சொன்னார். டிமார் அன்றைக்கு ஓடி முதலாவதாக வந்தார், அதுவும் அந்தப் பாதையில் அதுவரை யாரும் ஓடாத வேகத்தில்.

ஜெயித்துவிட்டார் அல்லவா, இனி டாக்டரை மதித்திருக்க மாட்டார் என்று நினைப்பீர்கள். அப்படி நடக்கவில்லை. அந்த எச்சரிக்கை மனதில் ஒட்டிக்கொண்டது. 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஓடினார். பாஸ்டன் பக்கம் அதன்பிறகு சில வருடங்கள் வரவில்லை. மாலை வகுப்புகளில் படித்தார், தேவாலயப் பணிகள் பார்த்தார். ஜெயித்தால் கர்வம் வரும், அது கிறிஸ்தவனுக்கு ஆகாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரிகிறது. ஆனால் இதயத்தைப் பற்றிய அந்த ஒரு வார்த்தை இல்லாதிருந்தால் அவர் விட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். 23 வயதிலிருந்து 28 வரை, ஓட்டக்காரனுக்கு மிக நல்ல வருடங்கள் அவை. என் இரண்டு வருடத்தை அதோடு ஒப்பிட்டுக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனால் படிக்கும்போது அதைத்தான் நினைத்தேன்.

அந்த டாக்டரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் கையில் இருந்தது ஸ்டெதஸ்கோப்பும் விரலும்தான். இசிஜி இயந்திரம் அப்போதுதான் ஐரோப்பாவில் தலைகாட்டியிருந்தது. ஓட்டக்காரர்களின் இதயத்தில் கேட்கும் மர்மர்களில் பல ஒன்றும் செய்யாதவை என்று அன்று பலருக்குத் தெரியாது. பின்னாளில் டிமார் தம் புத்தகத்தில் இதைக் கேலியாக எழுதினார்: எச்சரித்த டாக்டர் ஓரிரு வருடத்தில் இதய நோயில் போய்விட்டாராம். அவர் தப்பாகத் தம் இதயத்தையே கேட்டுவிட்டாரோ என்று டிமாருக்கு ஒரு சந்தேகமாம்.

1917-ல் டிமார் திரும்பி வந்தார், மூன்றாவது இடம். பிறகு உலகப் போர், ராணுவ சேவை. 1922-ல் மறுபடி பாஸ்டன். வயது 33. முதலிடம். 1923-ல் முதலிடம், 1924-லும் முதலிடம். அதே 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம். பிறகு 1927, 1928. கடைசியாக 1930-ல், 41 வயதில், ஏழாவது முறையாக ஜெயித்தார். ஏழு முறை ஜெயித்தவரும் 41 வயதில் ஜெயித்தவரும் பாஸ்டனில் ஆண்கள் ஓட்டத்தில் அவருக்குப் பிறகு இல்லை. இத்தனைக்கும் நடுவில் அச்சுக்கோக்கும் வேலையை விடவில்லை, பிற்பாடு ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அச்சுத்தொழில் கற்றுக்கொடுத்தார். 1920-களின் கடைசியில் ஹார்வர்டு விஞ்ஞானிகள் அவரை டிரெட்மில்லில் ஓடவிட்டு ரத்தத்தைச் சோதித்தார்கள். மற்றவர்களுக்கு லாக்டிக் அமிலம் ஏறிக் கால் ஓய்ந்துபோகும் வேகத்தில் இவருக்கு அது ஏறவே இல்லை. 1954-ல் 65 வயதிலும் பாஸ்டன் மாரத்தானை முழுக்க ஓடி முடித்தார். 1958-ல் இறந்தார், புற்றுநோயால். இதயத்தால் அல்ல.

இங்கேதான் டாக்டர் ஒயிட் வருகிறார். 1886-ல் பிறந்தவர். லண்டனில் இசிஜி கற்றுக்கொண்டு வந்து பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். இதய நோய்க்கென்று தனி மருத்துவர் என்பதே புதுமையாக இருந்த காலம் அது. உங்கள் வீட்டில் யாருக்காவது இசிஜி எடுத்து ‘டபிள்யூபிடபிள்யூ’ என்று எழுதியிருந்தால், அதில் கடைசி டபிள்யூ இவர்தான். இவர் சைக்கிள் பைத்தியம். படி இருக்கிற இடத்தில் லிஃப்ட் ஏறமாட்டார். நோயாளிகளையும் நடக்கச் சொல்வார்.

அவரை உலகத்துக்குத் தெரியவைத்தது 1955 செப்டம்பர். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வரில் மாமியார் வீட்டில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை கோல்ஃப் ஆடினார், இரவு நெஞ்சு வலித்தது. முதலில் அஜீரணம் என்றுதான் நினைத்தார்கள். நம் வீடுகளில் ‘வாயுப்பிடிப்பு, சோடா குடி’ என்று சொல்கிறோமே, அதேதான், ஜனாதிபதிக்கும் அதேதான். மறுநாள்தான் மாரடைப்பு என்று உறுதியானது. திங்கட்கிழமை, செப்டம்பர் 26, நியூயார்க் பங்குச் சந்தை ஒரே நாளில் 6 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. காகிதக் கணக்கில் 1,400 கோடி டாலர் காணாமல் போனது. காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு மனிதனின் கரோனரி குழாய்க்கு இவ்வளவு துல்லியமாக விலை போட்டது அதற்கு முன் நடந்திருக்காது.

அதே திங்கட்கிழமை, பாஸ்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒயிட் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, மாரடைப்பு என்றால் என்ன, ரத்தக்கட்டு எங்கே அடைக்கிறது, புண் ஆற எத்தனை நாள் என்று வகுப்பு எடுப்பதுபோல விளக்கினார். ஜனாதிபதிக்கு வெளிக்குப் போனதையும் விடாமல் சொன்னார். நாடு திகைத்துப்போனது. ஆனால் முதன்முறையாக லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த வியாதி என்னவென்று புரிந்தது. அதற்கு முன் மாரடைப்பு வந்தவன் என்றால் பாதி செத்தவன். வாரக்கணக்கில் படுக்கையை விட்டு அசையக் கூடாது, பிறகு வேலையை விட்டுவிட வேண்டும். பாஸ்டனிலேயே லெவின், லவுன் என்ற இரண்டு டாக்டர்கள் 1952-ல், நோயாளியைப் படுக்கப் போடாமல் சாய்வு நாற்காலியில் உட்காரவையுங்கள் என்று எழுதியதே அன்று பெரிய புரட்சி. ஐசனோவர் ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தார். (எனக்கு மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ்.) அடுத்த வருடம் மறுபடி தேர்தலில் நின்று ஜெயித்து, 1961 ஜனவரி வரை பதவியில் இருந்தார். அதன்பிறகு எங்கே போனாலும் ஒயிட் ஒரே பாட்டுத்தான் பாடினார்: நடங்கள், சைக்கிள் ஓட்டுங்கள், அதற்குப் பாதை போடுங்கள்.

டிமார் இறந்ததும் பிரேதப் பரிசோதனை நடந்தது. அதை ஜேம்ஸ் கரென்ஸ் என்ற டாக்டரோடு சேர்ந்து ஒயிட் 1961-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சாதாரண அளவைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு அகலமாக இருந்தன. வயதானால் வரும் கொழுப்புப் படிவு அவருக்கும் கொஞ்சம் இருந்தது, குழாய் அகலமாக இருந்ததால் அது ஒன்றும் செய்யவில்லை. 1911-ல் ஓடாதே என்று தடுக்கப்பட்ட அதே இதயம்.

ஒரு மனிதனை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான், அவர் பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாம். அதற்குத்தான் லண்டன் பஸ்காரர்களின் கதை இருக்கிறது. ஜெரி மாரிஸ் என்ற டாக்டர், லண்டனின் மாடி பஸ்களில் வேலை செய்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் கணக்கெடுத்தார். ஒரே பஸ், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சம்பளம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் நாளொன்றுக்கு 500, 600 படி ஏறுகிறார். 1953-ல் வந்த அவருடைய கட்டுரையின்படி கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உடனே சாவது இன்னும் குறைவு. தபால் துறையிலும் பார்த்தார். நடந்து கடிதம் போடும் தபால்காரர்களுக்குக் குறைவு, உட்கார்ந்து வேலை செய்யும் குமாஸ்தாக்களுக்கு அதிகம். 36 வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்கள் பருமனாக இருந்ததால்தானோ என்று சிலர் கேட்டார்கள். மாரிஸ் விடவில்லை. பஸ் கம்பெனி சீருடை தைக்கக் கொடுத்த பேண்ட் இடுப்பளவுகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவுள்ளவர்களுக்குள்ளும் கண்டக்டர்தான் பிழைத்தார். தையல்காரர் பதிவேட்டில் இதய நோயைத் தேடிய மனிதர்! இவர் 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் இறந்தார். ஒயிட்டும் சோடைபோகவில்லை, 1973-ல் இறக்கும்போது வயது 87.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு கிலோமீட்டர் ஓடிவிடாதீர்கள், குறிப்பாக பெஞ்ச் நண்பர்களுக்குச் சொல்கிறேன். டிமாருக்கு இருந்தது ஸ்டெதஸ்கோப் சத்தம் மட்டும், நமக்கு ஆஞ்சியோ ரிப்போர்ட் இருக்கிறது. உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் பார்த்துச் சொன்னது, அதைக் கேளுங்கள். நான் சொல்வது என் கேஸைப் பற்றி: டாக்டர் போகலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும் அந்தச் சீட்டை ஃபைலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. என்னோடு சேர்த்து நம் குடியிருப்பில் குறைந்தது மூன்று பேர் அப்படி என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டம்மாக்களுக்குத் தெரியும்.

பாஸ்டனிலிருந்து கிளம்புவதற்கு முன் மகனுடைய சைக்கிளில் ஒயிட் பாதையில் ஒரு மைல் போல ஓட்டினேன். மருமகள் பின்னாலேயே நடந்து வந்தாள், போனைக் கையில் பிடித்தபடி. இரண்டு முறை இறங்கி நாடி பார்த்துக்கொண்டேன். ஒரு பாட்டி மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

சென்ற செவ்வாய்க்கிழமை செயலாளரிடம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன். பி பிளாக் தூணோரம் நிற்கும் பச்சை வண்டி என்னுடையது. இரண்டு டியூபும் போய்விட்டது, பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, செயின் துருப்பிடித்திருக்கிறது. இந்த ஞாயிறு காலை 7 மணிக்குச் சைக்கிள் ரிப்பேர்காரர் பேஸ்மெண்ட்டுக்கே வருகிறார். நாலைந்து வண்டி சேர்ந்தால் கூலி குறைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை பெயர் வந்திருப்பது ஐந்து வண்டிகளுக்கு. மீதி ஒன்பதில் கேரியரில் சிவப்புக் கயிறு கட்டிய வண்டி யாருடையது என்று செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை. உங்களுடையதா என்று ஒருமுறை கீழே இறங்கிப் பாருங்கள். படியில் இறங்கிப் பாருங்கள்.